இளையர்களின் உயிர் காத்த பிளாட்டினம்

1974ஆம் ஆண்டின் பிற்பகுதி. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத் தலைநகரான இண்டியானாபொலிசில் உள்ள பல்கலைக்கழக மருத்துவமனையில் கல்லூரி மாணவர் ஒருவர் சிகிச்சை பெற்று வந்தார். வயது இருபதைச் சற்றே தாண்டியிருந்தது. விந்தகத்தில் தோன்றிய புற்றுநோய் அவருடைய நுரையீரல் வரை பரவிவிட்டது. அறுவை சிகிச்சை செய்தாயிற்று. அன்று கையிலிருந்த மருந்துகளையும் கொடுத்துப் பார்த்தாயிற்று. எதுவும் பலன் தரவில்லை.

அவரைக் கவனித்து வந்த டாக்டர் லாரன்ஸ் ஐன்ஹார்னும் இளைஞர்தான். அப்போது அவருக்கு முப்பதை ஒட்டிய வயது. அந்தப் பல்கலைக்கழகத்தில் புற்றுநோய் மருத்துவராகப் பொறுப்பேற்று ஓராண்டுதான் ஆகியிருந்தது. அவரிடம் ஒரே ஒரு மருந்து மிச்சம் இருந்தது. பிளாட்டினம் என்ற விலை உயர்ந்த உலோகத்திலிருந்து செய்யப்பட்ட அந்த மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும், நிற்காத வாந்தியை உண்டாக்கும் என்பது முன்பே தெரிந்த செய்தி. சோதனை நிலையிலேயே கைவிடப்படும் அபாயத்தில் இருந்த மருந்து அது.

அந்த மருந்தை வேறு இரண்டு மருந்துகளுடன் சேர்த்து மாணவருக்குக் கொடுத்தார் ஐன்ஹார்ன். சில வாரங்களில் எடுத்த எக்ஸ்ரே படத்தில் நுரையீரலில் இருந்த கட்டிகள் மறைந்து போயிருந்தன. அந்த மாணவர் படிப்பை முடித்துப் பள்ளி ஆசிரியரானார். பரவிய விந்தகப் புற்றுநோயிலிருந்து இந்த மருந்துக் கூட்டால் முழுமையாகக் குணமடைந்த முதல் நோயாளி என்று மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றார்.

ஐன்ஹார்னின் பெயரைக் கேட்டதும் எல்லோரும் சொல்வது இந்தக் கதையைத்தான். ஆனால் அவருடைய வாழ்க்கைப் பணியில் இது ஒரு பாதிதான். ஒரு மருந்தைச் சேர்த்து நோயைக் குணப்படுத்தியவர், அதன் பிறகு பல ஆண்டுகளை அந்தச் சிகிச்சையைக் குறைப்பதற்காகவே செலவிட்டார். அந்த இரண்டாம் பாதிதான் நாம் இன்னும் கூர்ந்து பார்க்கவேண்டிய பகுதி.

இளையர்களைத் தேடி வரும் நோய்

பெரும்பாலான புற்றுநோய்கள் முதுமையில் வருகின்றன. விந்தகப் புற்றுநோய் அப்படியல்ல. பதினைந்து வயதுக்கும் முப்பத்தைந்து வயதுக்கும் இடைப்பட்ட ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களில் இது முக்கியமானது. நார்வே, டென்மார்க் போன்ற வட ஐரோப்பிய நாடுகளில் அதிகம். ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளில் குறைவு. எண்ணிக்கையில் அரிய நோய்தான். ஆனால் படித்துக் கொண்டிருப்பவர், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், புதிதாகத் திருமணம் ஆனவர் ஆகியோரையே அது குறிவைக்கிறது. ஒரு குடும்பம் தன் எதிர்காலத்தை யார் தோளில் ஏற்றி வைத்திருக்கிறதோ, அவரே படுக்கையில் விழுகிறார்.

1960ஆம் ஆண்டில் டாக்டர் மின் சியூ லி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் மருந்துகளைக் கூட்டாகக் கொடுத்துச் சில நோயாளிகளின் கட்டிகளைச் சுருங்க வைத்தனர். மருந்துக்கு இந்த நோய் கட்டுப்படக்கூடும் என்ற நம்பிக்கை அப்போதுதான் பிறந்தது. ஆயினும் பெரும்பாலோருக்கு நோய் திரும்பி வந்தது. 1970களின் தொடக்கத்தில், நோய் மற்ற உறுப்புகளுக்குப் பரவிய பிறகு பத்துப் பேரில் ஒருவர் பிழைப்பதே அரிதாக இருந்தது.

தற்செயலாகக் கிடைத்த மருந்து

ஐன்ஹார்ன் பயன்படுத்திய சிஸ்பிளாட்டின் என்ற மருந்துக்குத் தனி வரலாறு உண்டு. இத்தாலிய வேதியியலாளர் மிக்கேலே பெய்ரோனே 1840களிலேயே அந்தப் பொருளைத் தயாரித்துவிட்டார். அது மருந்தாகும் என்று நூறு ஆண்டுகளுக்கும் மேலாக யாரும் நினைக்கவில்லை.

1960களின் முற்பகுதியில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க் என்ற அறிவியலாளர் ஓர் ஆய்வு செய்தார். உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதை மின்சாரத்தால் மாற்ற முடியுமா என்பதே அவருடைய கேள்வி. பாக்டீரியாக்கள் வளரும் திரவத்தில் பிளாட்டினத் தகடுகளை வைத்து மின்சாரம் செலுத்தினார். பிளாட்டினம் எதனுடனும் எளிதில் சேராது என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் பாக்டீரியாக்கள் இரண்டாகப் பிரிவதை நிறுத்திவிட்டு, இயல்பைவிட 300 மடங்கு வரை நீளமாக நூல்போல வளர்ந்தன.

இது மின்சாரம் செய்த வேலையல்ல. தகடுகளிலிருந்து கரைந்து உருவான பிளாட்டினச் சேர்மம் செய்த வேலை என்பது தொடர்ந்த ஆய்வில் தெரியவந்தது. உயிரணுப் பிரிவதைத் தடுக்கும் பொருள் புற்றுநோயையும் தடுக்குமா? கட்டி வளர்ந்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது கட்டிகள் மறைந்தன. 1969ஆம் ஆண்டில் அந்த முடிவு வெளியானது.

1970களின் தொடக்கத்தில் நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தபோது மருந்தின் கொடுமையும் வெளிப்பட்டது. சிறுநீரகம் பழுதடைந்தது. காது கேட்கும் திறன் குறைந்தது. வாந்தி மணிக்கணக்கில் நீடித்தது. பல வகைப் புற்றுநோயாளிகளுக்குப் பெரிய பலனும் இல்லை. ஆனால் விந்தகப் புற்றுநோயாளிகள் சிலரிடம் மட்டும் கட்டிகள் வியக்கத்தக்க வகையில் சுருங்கின. அந்தச் சிறு குறிப்பை ஐன்ஹார்ன் கவனித்தார்.

மூன்று மருந்துக் கூட்டு

லாரன்ஸ் ஐன்ஹார்ன் 1942ஆம் ஆண்டு ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் பிறந்தவர். அயோவா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தவர். பின்னர் டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். அங்கே டாக்டர் மெல்வின் சாமுவெல்ஸ், வின்பிளாஸ்டின், பிளியோமைசின் என்ற இரண்டு மருந்துகளைச் சேர்த்து விந்தகப் புற்றுநோய்க்குக் கொடுத்து வந்தார். அந்த அனுபவத்துடன் ஐன்ஹார்ன் 1973ல் இண்டியானா பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார்.

அவர் செய்தது எளிய கணக்கு. ஏற்கெனவே ஓரளவு பயன் தரும் இரண்டு மருந்துகள் உள்ளன. சிஸ்பிளாட்டினும் இந்த நோயைத் தாக்குகிறது. மூன்றும் புற்றுநோய் அணுவை வெவ்வேறு வழிகளில் தாக்குபவை. மூன்றின் பக்கவிளைவுகளும் பெரும்பாலும் வெவ்வேறு உறுப்புகளைச் சேர்ந்தவை. ஆகவே மூன்றையும் சேர்த்துக் கொடுக்கலாம். 1974ல் அந்தச் சிகிச்சையைத் தொடங்கினார்.

1977ஆம் ஆண்டில் ஐன்ஹார்னும் அவருடைய சக மருத்துவர் ஜான் டோனஹியூவும் வெளியிட்ட கட்டுரை மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. 47 நோயாளிகளில் 74 விழுக்காட்டினருக்கு நோயின் சுவடே இல்லாமல் மறைந்திருந்தது. எஞ்சியவர்களுக்கும் கட்டிகள் சுருங்கியிருந்தன. பத்தில் ஒருவர் பிழைப்பதே அரிது என்ற நோயில் இப்படி ஒரு முடிவு! 1978ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சிஸ்பிளாட்டினுக்கு அனுமதி அளித்தது. அதிக அளவு நீரைச் செலுத்திச் சிறுநீரகத்தைக் காக்கும் முறையை நியூயார்க் மருத்துவர்கள் வகுத்ததும் இந்த மருந்து நிலைபெற உதவியது.

விந்தகப் புற்றுநோய் மட்டும் ஏன் இப்படிக் கட்டுப்படுகிறது? சிஸ்பிளாட்டின், உயிரணுவின் மரபுப் பொருளான டிஎன்ஏ இழையில் ஒட்டிக்கொண்டு அதைப் பின்னிவிடுகிறது. மற்றப் புற்றுநோய் அணுக்கள் பலவும் அந்தச் சேதத்தைச் சரிசெய்துகொண்டு தப்பிவிடுகின்றன. விந்தகத்தின் கருவணுக்களிலிருந்து தோன்றும் புற்றுநோய் அணுக்களுக்கு அந்தத் திறன் குறைவு. சேதமடைந்தால் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும் இயல்பை அவை இழக்காமல் வைத்திருக்கின்றன. நுரையீரல், சிறுநீர்ப்பை, கருப்பை அண்டகம் ஆகியவற்றின் புற்றுநோய்க்கும் சிஸ்பிளாட்டின் இன்று கொடுக்கப்படுகிறது. ஆனால் பரவிய பிறகும் இந்த அளவுக்குக் குணமாகும் நோய் விந்தகப் புற்றுநோய்தான்.

எவ்வளவு போதும்?

இத்தகைய வெற்றி கிடைத்தால் யாரும் அதைத் தொடாமல் விட்டுவிடவே நினைப்பார்கள். ஐன்ஹார்ன் அப்படி விடவில்லை. அவரிடம் வந்த நோயாளிக்கு வயது இருபத்தைந்து என்றால், குணமடைந்த பிறகு அவருக்கு முன்னால் இன்னும் ஐம்பது ஆண்டுகள் இருக்கின்றன. அந்த ஐம்பது ஆண்டுகளும் சிகிச்சையின் பாதிப்புகளைச் சுமந்து வாழவேண்டியவர் அவர்தான். ஆகவே, நோயைக் குணப்படுத்தக் குறைந்தது எவ்வளவு மருந்து போதும் என்று ஐன்ஹார்ன் கேட்டார்.

இந்தக் கேள்விக்கு ஊகத்தால் விடை காண முடியாது. மருந்தைக் குறைத்து அது தவறாகிப் போனால் இழப்பது ஓர் இளையரின் உயிரை. எனவே ஒவ்வொரு படியையும் நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்து, ஒப்பிட்டுச் சோதித்த பிறகே அவரும் அவருடைய குழுவினரும் எடுத்துவைத்தனர்.

முதலில் வின்பிளாஸ்டின் அளவைக் குறைத்தனர். குணமடைவோர் எண்ணிக்கை குறையவில்லை, பக்கவிளைவு குறைந்தது.

அடுத்து, சிகிச்சைக் காலம். தொடக்கத்தில் நோய் மறைந்த பிறகும் அது திரும்பாமல் இருப்பதற்காக மாதந்தோறும் மருந்து கொடுத்து, மொத்தம் இரண்டு ஆண்டுகள் வரை சிகிச்சையைத் தொடர்ந்தனர். அது தேவைதானா என்று சோதித்தனர். தேவையில்லை என்று 1981ல் தெரியவந்தது. இரண்டு ஆண்டுச் சிகிச்சை சில மாதங்களாகச் சுருங்கியது. படிப்பையும் வேலையையும் விட்டுவிட்டு மருத்துவமனைக்கு அலைந்த இளையர்களுக்கு இதன் அருமை புரியும்.

மூன்றாவதாக, நரம்புக்கும் தசைக்கும் வலி தந்த வின்பிளாஸ்டினுக்குப் பதிலாக எட்டோபோசைடு என்ற மருந்தைச் சேர்த்தனர். 1987ல் வெளியான அந்த ஆய்வில் பழைய கூட்டைப் பெற்றவர்களில் 74 விழுக்காட்டினரும் புதிய கூட்டைப் பெற்றவர்களில் 83 விழுக்காட்டினரும் நோயற்றவர்கள் ஆயினர். வேதனை குறைந்தது, பலன் கூடியது. பிளியோமைசின், எட்டோபோசைடு, சிஸ்பிளாட்டின் ஆகிய அந்த மூன்றின் கூட்டு இன்றும் உலகெங்கும் அடிப்படைச் சிகிச்சையாக விளங்குகிறது.

நான்காவதாக, நோய் கடுமையாகப் பரவாதவர்களுக்கு நான்கு சுற்று மருந்துக்குப் பதில் மூன்று சுற்றுப் போதுமா என்று பார்த்தனர். 1989ல் அதற்கும் விடை கிடைத்தது. இரு குழுவிலும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமடைந்தனர். ஒரு முழுச் சுற்று மிச்சமாயிற்று.

குறைப்பதற்கும் எல்லை உண்டு

இந்த வரலாற்றில் மிக முக்கியமான படி, வெற்றி பெறாத ஒரு படிதான். பிளியோமைசின் நுரையீரலைப் பாதிக்கக்கூடிய மருந்து. அதை அறவே நீக்கிவிட்டால் என்ன? ஐன்ஹார்னின் சக மருத்துவர் பேட்ரிக் லோரர் தலைமையில், மூன்று சுற்றுச் சிகிச்சை பெறும் நோயாளிகளிடம் அது சோதிக்கப்பட்டது. 1995ல் முடிவு வெளியானது. பிளியோமைசின் பெற்றவர்களில் 95 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர். பெறாதவர்களில் 86 விழுக்காட்டினரே இருந்தனர்.

இதற்கு மேல் குறைக்கக் கூடாது என்ற கோடு அங்கே வரையப்பட்டது. மூன்று சுற்று என்றால் பிளியோமைசின் வேண்டும் என்பது உறுதியாயிற்று. சிகிச்சையைக் கூட்டத் துணிவு வேண்டும். குறைக்க அதைவிடத் துணிவு வேண்டும். எங்கே நிறுத்துவது என்று அறிய நேர்மை வேண்டும். இந்த மூன்றும் ஒரே மருத்துவக் குழுவிடம் அமைந்தது நோயாளிகளின் நல்வாய்ப்பு.

கத்தியிலும் ஒரு திருத்தம்

மருந்து மட்டும் எல்லோரையும் குணப்படுத்தவில்லை. மருந்துக்குப் பிறகு வயிற்றின் பின்புறத்தில் எஞ்சியிருக்கும் கட்டிகளை அறுவை சிகிச்சை மூலம் அகற்ற வேண்டியிருக்கும். அந்தப் பணியைச் செய்தவர் சிறுநீரக, இனப்பெருக்க உறுப்பு அறுவை மருத்துவரான ஜான் டோனஹியூ.

அந்த நாளைய அறுவை சிகிச்சையில் விந்து வெளியேறுவதற்குக் காரணமான நரம்புகளும் வெட்டுப்பட்டுவிடும். உயிர் பிழைத்த இளைஞர் இயற்கையாகத் தந்தையாக முடியாமல் போய்விடும். எந்த நரம்பு எங்கே செல்கிறது, நோய் எந்தப் பக்கம் பரவுகிறது என்று ஆராய்ந்து, நரம்புகளைக் காப்பாற்றி அறுவை செய்யும் முறையை டோனஹியூ 1980களில் வளர்த்தார். மருந்தில் ஐன்ஹார்ன் செய்ததையே கத்தியில் டோனஹியூ செய்தார். நோயை முழுமையாக எடுக்கவேண்டும், மனிதனிடமிருந்து தேவைக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதே இருவரின் கொள்கை.

மீண்டும் வந்தவர்களுக்கு

எல்லோருக்கும் குறைவான சிகிச்சை போதும் என்று ஐன்ஹார்ன் ஒருபோதும் சொல்லவில்லை. நோய் திரும்பி வந்தவர்களுக்கு அவர் கையாண்ட வழி முற்றிலும் வேறானது. நோயாளியின் இரத்தத்திலிருந்து மூல அணுக்களை முதலில் எடுத்துச் சேமித்துவிடுவார்கள். பிறகு மிக அதிக அளவு மருந்தைக் கொடுத்து, அதனால் சோர்ந்துபோகும் எலும்பு மஜ்ஜையை மீட்க அந்த அணுக்களைத் திரும்பச் செலுத்துவார்கள். 2007ல் வெளியான ஆய்வில் இப்படிச் சிகிச்சை பெற்ற 184 பேரில் 116 பேருக்கு நோய் மறைந்து, ஆய்வுக் காலத்தில் திரும்பி வரவில்லை. அவர்கள் அனைவரும் முதல் சிகிச்சை பலன் அளிக்காமல் வந்தவர்கள் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

இண்டியானா மருத்துவமனையின் பெயரை உலகறியச் செய்தவர் சைக்கிளோட்ட வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங். 1996ல் அவருக்கு 25 வயதானபோது விந்தகப் புற்றுநோய் வயிறு, நுரையீரல், மூளை வரை பரவியிருந்தது. ஐன்ஹார்னின் சக மருத்துவர் கிரெய்க் நிக்கல்ஸ் தலைமையிலான குழு அவருக்குச் சிகிச்சை அளித்தது. சைக்கிளோட்டத்துக்கு நுரையீரல் தேவை என்பதால் பிளியோமைசினுக்குப் பதிலாக வேறு மருந்து கொடுக்கப்பட்டது. ஊக்கமருந்து விவகாரத்தில் 2012ஆம் ஆண்டு அவருடைய ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களும் பறிக்கப்பட்டன. விளையாட்டில் அவர் பெற்ற புகழ் போய்விட்டது. ஆனால் மூளை வரை பரவிய நோயிலிருந்து அவர் மீண்டது உண்மை. அதை யாரும் பறிக்க முடியாது.

குணமடைந்தவர் தரும் விலை

ஐன்ஹார்னுக்குப் பல சிறப்புகள் வந்து சேர்ந்தன. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கத்தின் தலைவராகப் பொறுப்பேற்றார். அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழக உறுப்பினராகவும் தேர்வு பெற்றார். ஆனால் பழைய நோயாளிகளைப் பற்றிய கவலை அவரை விடவில்லை.

டாக்டர் லோயிஸ் டிராவிஸ் தலைமையில், சிஸ்பிளாட்டின் பெற்றுக் குணமடைந்தவர்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு ஒன்று நடைபெற்றது. ஐன்ஹார்னும் அதில் பங்கெடுத்தார். 2016ல் வெளியான முடிவின்படி, செவித்திறன் சோதிக்கப்பட்ட 488 பேரில் 80 விழுக்காட்டினருக்கு ஏதாவது ஒரு வகையில் செவித்திறன் குறைந்திருந்தது. 40 விழுக்காட்டினர் காதில் ஓயாத இரைச்சல் கேட்பதாகக் கூறினர். கை கால்களில் மரமரப்பு, சிறுநீரகப் பாதிப்பு, பிற்காலத்தில் இதயநோய் வரும் வாய்ப்பு ஆகியவையும் சிஸ்பிளாட்டினின் நீண்டகாலப் பாதிப்புகளாக அறியப்பட்டுள்ளன.

தாம் கண்ட சிகிச்சையின் குறைகளைத் தாமே எண்ணிக் காட்டும் ஆய்வில் பங்குகொள்வது எளிதல்ல. உயிர் பிழைத்ததே பெரிது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நோயாளி சொல்லலாம். மருத்துவர் அப்படிச் சொல்லக் கூடாது.

மருந்தே வேண்டாம் என்ற நிலை

இன்று பரவிய விந்தகப் புற்றுநோயாளிகளில் நோய் கடுமையாகாத பிரிவினரில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் பிழைக்கின்றனர். மிகக் கடுமையான பிரிவினரில்கூட மூன்றில் இருவர் ஐந்து ஆண்டுகளைக் கடக்கின்றனர் என்று 2021ல் வெளியான அனைத்துலகக் கணக்கெடுப்புக் காட்டுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும் சிஸ்பிளாட்டின் இடம்பெற்றுள்ளது.

குறைக்கும் பயணத்தின் கடைசிப் படி என்ன? மருந்தே கொடுக்காமல் இருப்பது. நோய் விந்தகத்துக்கு வெளியே பரவவில்லை என்றால், விந்தகத்தை அகற்றிய பிறகு நோயாளியை இரத்தச் சோதனை, ஸ்கேன் ஆகியவற்றின் மூலம் கண்காணித்து வந்தாலே பெரும்பாலோருக்குப் போதும். நோய் திரும்பினால் அப்போது மருந்து கொடுத்துக் குணப்படுத்த முடியும். பின்னால் நம்பகமான சிகிச்சை காத்திருப்பதால்தான் முன்னால் பொறுமையாக இருக்க முடிகிறது.

ஆனால் அந்த நற்பேறு, சீக்கிரமே மருத்துவரிடம் செல்பவர்களுக்கே கிடைக்கும். விந்தகப் புற்றுநோய் பெரும்பாலும் வலியில்லாத கட்டியாகவே தொடங்குகிறது. வலியில்லை என்பதால் ஓர் இளைஞர் அதைப் பொருட்படுத்துவதில்லை. வெட்கத்தால் வீட்டிலும் சொல்வதில்லை. மாதங்கள் கழிகின்றன. கண்காணிப்பு மட்டுமே போதும் என்றிருந்த நோய், மூன்று சுற்று மருந்தும் அறுவை சிகிச்சையும் கேட்கும் நோயாக வளர்ந்துவிடுகிறது.

இளையர்கள் படும் வேதனையைக் குறைக்க ஒரு மருத்துவர் வாழ்நாள் முழுவதும் உழைத்தார். மருந்தின் அளவில் குறைத்தார், மாதங்களில் குறைத்தார், சுற்றுகளில் குறைத்தார். வெட்கத்தைக் குறைத்துக்கொள்வது மட்டும் நம் வீடுகளில் நடக்கவேண்டிய வேலை. மகனிடம் தந்தை இதைப் பற்றி ஒருமுறை பேசிவிட்டால், பிற்பாடு மருத்துவர் கொடுக்கவேண்டிய மருந்து இன்னும் குறையும்.